தேயிலைத் தோட்டத்து ஈறுகள்

ஈறு நோயின் போக்கைப் பற்றிப் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடத்தில் மூன்று எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: 8, 81, 11. பல்லைத் துலக்கும் வழக்கமும் சிகிச்சையும் இல்லாத மனிதர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு ஈறு நோய் வெகுவேகமாக முற்றிப் பற்களைப் பறித்துவிடுகிறது. 81 பேருக்கு மெல்ல மெல்ல முற்றுகிறது. 11 பேருக்கு ஈறு வீங்கிச் சிவப்பதோடு நின்றுவிடுகிறது. இந்தக் கணக்கு 1970 முதல் 1985 வரை இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைத் தொடர்ந்து பார்த்து எழுதப்பட்டது. அவர்கள் மலையகத் தமிழர்கள். உலகின் எந்த மூலையிலும் ஒரு பல் மருத்துவர் தன் நோயாளியிடம் "உங்களுக்கு நோய் வேகமாக முற்றுகிறது" என்று சொல்லும்போது, அந்த அறிவுக்குப் பின்னால் இந்த மனிதர்களின் உதிர்ந்த பற்கள் இருக்கின்றன. மருத்துவ உலகம் அந்த ஆய்வைக் கிருமிக்கும் உடலுக்கும் இடையே நடந்த போராட்டத்தின் பதிவாக மட்டுமே வாசித்து வந்திருக்கிறது. அது தோட்ட முறையின் பதிவும்கூட. இரண்டையும் சேர்த்து வாசிக்காதவரை அந்த எண்களின் பொருள் பாதிதான் விளங்கும் என்பது என் துணிபு.

ஆய்வு தோட்டத்துக்கு ஏன் வந்தது என்று அறிய, ஈறு நோயைப் பற்றிய அறிவு அதுவரை பட்ட பாட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹுக், 1683 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில், பல்லிடுக்கிலிருந்து சுரண்டி எடுத்த வெள்ளை அழுக்கில் எண்ணற்ற உயிர்கள் நெளிவதைத் தன் உருப்பெருக்கியில் கண்டதாகச் சொன்னார். வாழ்நாளில் பல்லே துலக்காத ஒரு முதியவரின் வாயில் அவை இன்னும் மிகுந்திருந்தன. காடி கொண்டு வாயைக் கொப்பளித்தாலும் தடித்த அழுக்குக்குள் இருந்தவை சாகவில்லை என்பதையும் அவர் கவனித்தார். பல்லின்மேல் படியும் பற்படலம் தனக்குள் வாழும் நுண்ணுயிரிகளை மருந்திலிருந்து காக்கும் என்ற இன்றைய பாடத்தின் முதல் வரி அது. ஆனால் பார்த்தது வேறு, நோய்க்குக் காரணம் என்று நிறுவுவது வேறு. பெர்லினில் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கிடம் பழகிய வில்லோபி மில்லர் 1890-இல் வாய் நுண்ணுயிரிகளைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். சொத்தைப் பல்லுக்குத் தெளிவான விளக்கம் தந்த அவராலும், பயோரியா என்று அன்று அழைக்கப்பட்ட முற்றிய ஈறு நோய்க்கு இன்ன கிருமிதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியவில்லை.

அந்த வெற்றிடத்தில் பல அவசரத் தீர்ப்புகள் புகுந்தன. 1910-இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் வில்லியம் ஹண்டர் ஆற்றிய உரைக்குப் பின், மூட்டுவலி முதல் மனநோய் வரை எல்லாவற்றுக்கும் வாயிலுள்ள சீழே மூலம் என்ற நம்பிக்கை பரவியது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள் ஏராளமாகப் பிடுங்கப்பட்டன. 1915 வாக்கில் வாயில் வாழும் அமீபாதான் பயோரியாவின் காரணம் என்றார்கள். சீதபேதிக்கு அன்று கொடுத்த எமெட்டின் ஊசியை அதற்கும் போட்டார்கள். அந்த நம்பிக்கை சில ஆண்டுகளில் கரைந்ததும், கிருமியையே சந்தேகிக்கும் காலம் வந்தது. பல் கடிக்கும் விதம் கோணல், உடல்வாகு சரியில்லை, சத்துக் குறைவு, வயோதிகம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வயதானால் பல் ஆடும், விழும், அது விதி என்ற பொது நம்பிக்கைக்கும் மருத்துவரின் கருத்துக்கும் அன்று அதிக தூரம் இருக்கவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் நடந்து 1965-இல் வெளியான ஒரு சிறிய சோதனை. நார்வேக்காரரான ஹரால்ட் லோ, தன் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, நல்ல ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு வீங்கியது. பற்படலம் தடிக்கத் தடிக்க அதில் வாழும் நுண்ணுயிரிகளின் வகையும் படிப்படியாக மாறியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. காரணம், விளைவு, மீட்பு மூன்றும் ஒரே வாயில் ஒரே மாதத்தில் தெரிந்தன. இத்தனை எளிமையும் இத்தனை உறுதியும் உள்ள சோதனை பல் மருத்துவ வரலாற்றில் மிகச் சிலவே. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. ஈறு வீக்கம் என்பது மேற்பரப்பில் நடப்பது, மாற்றினால் மாறிவிடும். பல்லைத் தாடையெலும்போடு கட்டிவைத்திருக்கும் நார்களும் எலும்பும் கரைந்து பல்லே விழுவது இந்த வீக்கத்தின் தொடர்ச்சியா, அல்லது வேறொரு நோயா? தொடர்ச்சி என்றால் எல்லோருக்குமா, எவ்வளவு வேகத்தில்? இதை மாதக் கணக்கில் அறிய முடியாது. பல ஆண்டுகள் ஒரே மனிதர்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும், அதுவும் சிகிச்சை குறுக்கிடாத இடத்தில்.

லோவின் குழு இரண்டு இடங்களைத் தேர்ந்தது. ஒன்று ஆஸ்லோ. அங்கே 1936 முதல் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஆண்டுதோறும் பல் பராமரிப்பு கிடைத்துவந்தது. 1969-இல் அந்நகரின் மாணவர்களும் கல்வித்துறையினருமான 565 ஆண்களின் பற்கள் அளக்கப்பட்டன. மற்றது இலங்கையின் தேயிலைத் தோட்டம். 1970-இல் அங்கே சேர்க்கப்பட்ட 480 பேருக்கு வயது 14 முதல் 31 வரை. அவர்களுக்கு அதற்குமுன் பல் சிகிச்சையோ தடுப்பு நடவடிக்கையோ எதுவும் கிடைத்ததில்லை. சொத்தைப் பல்லும் அவர்களிடம் அநேகமாக இல்லை. ஆகவே ஒரு பல் போனால் அது ஈறு நோயால்தான் போனது என்று துணிந்து எழுதலாம். அறிவியல் கண்ணோட்டத்தில் இதைவிடச் சுத்தமான களம் கிடைக்காது.

அந்தச் சுத்தமான களம் எப்படி உண்டானது என்பதை ஆய்வாளர்கள் கேட்கவில்லை. அது அவர்கள் வேலையும் அல்ல. வரலாற்றை வாசிப்பவர்கள் கேட்டாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்காகத் திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் முதலிய சீமைகளிலிருந்து கங்காணிகள் வழியே கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி இவர்கள். 1869-இல் காப்பி இலையில் துருநோய் கண்டபின் தேயிலை காப்பியின் இடத்தைப் பிடித்தது. லயம் என்ற வரிசை வீடுகளும் பிரட்டு என்ற காலை ஆள்கணக்கும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடும் அப்படியே தொடர்ந்தன. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்துதர வேண்டும் என்ற சட்டம் 1912-லேயே இருந்தது. அது கைகூடிய இடங்களிலும் ஒரு டிஸ்பென்சரி, மருந்து கொடுப்பவர், பிள்ளைப்பேறு பார்ப்பவர் என்ற அளவில்தான் நின்றது. காய்ச்சலும் பேதியும் பிரசவமும் வேலை நாட்களைக் குறைக்கும், ஆகவே அவை கணக்கில் வந்தன. ஈறு கரைவது கொழுந்து பறிப்பதைத் தடுக்காது. 1948-இல் குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாத மக்களுக்காக அரசின் சுகாதாரத் துறை மலையேறி வர எந்த நெருக்குதலும் இல்லை. 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. லோவின் குழு வந்தபோது, வாயைத் திறந்து காட்டியவர்களில் பலருக்குத் தாங்கள் எந்த நாட்டுக்காரர் என்றே முடிவாகியிருக்கவில்லை. சிகிச்சையின் சுவடே படாத வாய் அந்த மலையில் தானாக விளைந்த ஒன்றல்ல. நூற்றைம்பது ஆண்டு ஏற்பாட்டின் விளைவு அது.

இனி அந்த வாய்கள் சொன்னதைப் பார்க்கலாம். 1971, 1973, 1977, 1982, 1985 என்று அதே இரண்டு மருத்துவர்கள் திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். அளந்தது பல்லின் பிடிமானம் எத்தனை மில்லிமீட்டர் போயிருக்கிறது என்பதை. பல் ஈறில் வெறுமனே செருகியிருப்பதில்லை. வேரைச் சுற்றிலும் நுண்ணிய நார்கள் அதை எலும்போடு கட்டியிருக்கின்றன. அந்தக் கட்டு மேலிருந்து கீழாக அவிழ்ந்துகொண்டே போவதுதான் நோய். நாற்பது வயதை நெருங்கும்போது ஆஸ்லோக்காரர்களின் சராசரி இழப்பு 1.5 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டியது. தோட்டத்தில் அது 4.5. ஆஸ்லோவில் பல்லிடுக்கைவிடக் கன்னத்துப் பக்கம் இழப்புச் சற்று அதிகம். தோட்டத்தில் பல்லிடுக்கில்தான் அதிகம், ஆண்டுக்கு 0.30 மில்லிமீட்டர். துலக்கும் கை வெளிப்பக்கத்தை அழுத்தித் தேய்ப்பதும், துலக்காத வாயில் இடுக்குகளில் படலம் கெட்டித்துக் கிடப்பதும் இந்த வேறுபாட்டில் தெரிகின்றன. தோட்டத்துக்குள்ளேயே இருந்த வேறுபாடு இதைவிட ஆழமானது. வேகமாக முற்றிய 8 சதவீதத்தினருக்கு 35 வயதில் 9 மில்லிமீட்டர் போயிருந்தது. 45 வயதில் 13. பெரும்பாலான பற்களின் வேரே கிட்டத்தட்ட அவ்வளவு நீளம்தான். அவர்களுக்கு இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கியது. 35-இல் 12, நாற்பதில் 20, நாற்பத்தைந்தில் வாயில் ஒன்றுமில்லை. நடுத்தர வேகத்தினர் 45 வயதில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தார்கள். மூன்றாவது குழுவினர் அநேகமாக ஒரு பல்லையும் இழக்கவில்லை.

தோட்டத்தில் எல்லோர் வாயிலும் பற்படலமும் அது கெட்டித்து உண்டாகும் பற்காரையும் ஏராளம். எல்லோருக்கும் ஈறு வீக்கம். உணவும் வேலையும் வாழ்விடமும் ஏறத்தாழ ஒன்றே. அப்படியிருந்தும் ஒருவர் முப்பத்தைந்தில் பொக்கைவாய் ஆவதற்கான பாதையில், அடுத்த லயத்துக்காரர் முழுப் பல்லோடு. 1965 சோதனையின் அடுத்த படி இதுதான். கிருமி இல்லாமல் நோய் இல்லை. ஆனால் கிருமி மட்டும் இருந்தால் எல்லோருக்கும் ஒரே நோய் வருவதில்லை. டென்மார்க், கென்ய ஆய்வாளர்கள் 1980-களில் கென்யாவின் மச்சாகோஸ் பகுதியில் பார்த்தபோதும் இதே தோற்றம் கிடைத்தது: அழுக்கும் காரையும் எல்லோரிடமும், கடும் அழிவு சிலரிடம் மட்டும். அந்தச் சிலரின் வாயில் வேறு கிருமிகள் இருக்கின்றனவா என்ற தேடல் அதன்பின் தீவிரமானது. பாஸ்டனில் சோக்ரான்ஸ்கி குழுவினர் 185 பேரிடமிருந்து 13,261 மாதிரிகளை ஆராய்ந்து, 1998-இல் நுண்ணுயிரிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார்கள். போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானரெல்லா ஃபோர்சித்தியா, டிரெபோனிமா டென்டிகோலா என்ற மூன்றும் சேர்ந்த சிவப்புக் கூட்டம், ஈறுக்கும் பல்லுக்கும் இடையே உண்டாகும் ஆழமான பைகளில் மிகுந்திருந்தது. காற்றுப் புகாத இடுக்கில் வாழும் இவை எலும்பைத் தாமே தின்பதில்லை. இவற்றை விரட்ட உடல் அனுப்பும் வெள்ளணுக்களும் அவை கக்கும் நொதிகளும் எழுப்பும் நீண்ட அழற்சியில்தான் நார் அறுந்து எலும்பு கரைகிறது. ஜிஞ்சிவாலிஸ் எண்ணிக்கையில் சொற்பமாக இருந்தாலும் உடலின் காவலைக் குழப்பி, மற்ற நுண்ணுயிரிகள் பெருக வழிவிடுகிறது என்பது இன்றைய கருத்து. அந்தக் குழப்பத்துக்கு ஒருவர் உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதில்தான் 8-க்கும் 11-க்கும் உள்ள தூரம் பெருமளவு அடங்கியிருக்கிறது. 2018-இல் வெளியான புதிய நோய்ப் பகுப்பில் மெதுவானது, நடுத்தரம், வேகமானது என்று மூன்று தரங்கள் வைத்திருக்கிறார்கள். தோட்டத்து மூன்று குழுக்களின் நிழல் அதில் தெளிவாகவே விழுந்திருக்கிறது.

இங்கே சில மறுப்புகள் எழும். தொழிலாளர்கள் வெற்றிலை புகையிலை போடுகிறவர்கள், சத்துக் குறைவானவர்கள், ஆகவே பற்படலத்தின்மேல் பழி போடலாமா என்பது ஒன்று. யென்ஸ் வார்ஹாக் என்ற இன்னொரு நார்வேக்காரர் லோவுக்கு முன்பே இலங்கையில் இதைத்தான் ஆராய்ந்தார். அவரது 1967 அறிக்கை வயது, வருமானம், சத்துக் குறைவு, வெற்றிலை, புகையிலை, இனம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, வாய்ச் சுத்தத்துக்கும் வயதுக்குமே பெரிய பங்கு என்று கண்டது. புகைப்பழக்கத்துக்கு நோயைத் தொடங்கிவைப்பதில் பங்கு உண்டு என்பதைத் தோட்டத்துத் தரவே பின்னால் காட்டியது. ஆனால் அது பற்படலத்துக்கும் காரைக்கும் மாற்றாக வரவில்லை, அவற்றோடு சேர்ந்து வந்தது. இரண்டாவது மறுப்பு கனமானது. 480 பேரில் 1985-இல் எஞ்சியவர்கள் 161 பேர்தாம். மூன்றில் இரண்டு பங்கு கழன்றுபோன கூட்டத்தை வைத்து விகிதம் சொல்லலாமா? அந்தப் பதினைந்து ஆண்டுகளில் மலையகத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒப்பந்தப்படி லட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். அவர்களுக்காகவே 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. 1972-இலும் 1975-இலும் வந்த நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் கைமாறின. எழுபதுகளின் நடுவில் உணவுப் பஞ்சம். 1977, 1981, 1983 வன்முறைகள். இப்படிப்பட்ட இடப்பெயர்வு ஈறு நல்லவரையும் கெட்டவரையும் தெரிந்தெடுத்துக் கொண்டுபோகாது. ஆகவே மூன்று குழுக்களின் விகிதம் பெரிதும் பிசகியிருக்க வாய்ப்பில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மருத்துவ அட்டவணையில் 480 என்பது 161 ஆகும் இடத்தில் ஒரு சமூகம் பிய்த்தெறியப்பட்ட கதை இருக்கிறது, அட்டவணை அதைச் சொல்வதில்லை.

மூன்றாவது கேள்வி அறம் சார்ந்தது. துலக்கினால் ஒரு வாரத்தில் ஈறு தேறும் என்று 1965-இல் உலகுக்கு நிரூபித்தவரே, 1970 முதல் துலக்காத வாய்களைப் பதினைந்து ஆண்டு அளந்துகொண்டிருந்தார். லோவின் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் மேகநோயை வேடிக்கை பார்த்த அமெரிக்க அரசின் ஆய்வோடு இதைச் சமமாக வைப்பது நியாயமில்லை. அங்கே பொய் சொன்னார்கள், பென்சிலின் கிடைக்கவிடாமல் தடுத்தார்கள். மனநலம் குன்றியவர்களுக்கு ஒட்டும் மிட்டாய் கொடுத்துப் பல்லைச் சொத்தையாக்கிய ஸ்வீடனின் விபெஹோம் சோதனையோடும் இது சேராது. தோட்டத்தில் யாரும் நோயை உண்டாக்கவில்லை. ஈறு வீக்கம் பல்லிழப்பில் முடியுமா என்பதும் 1970-இல் உண்மையாகவே திறந்த கேள்வி.

ஆனால் அந்தக் கேள்வி அப்படியே திறந்து கிடக்கவில்லை. ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் அக்செல்சனும் லிண்டயும் 1972-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஒரு குழுவுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை பல் சுத்தமும் பயிற்சியும். ஒப்பீட்டுக் குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு ஆண்டில், முறையாகப் பராமரித்தால் நோய் நிற்கிறது என்பது ஐயமறத் தெரிந்தது. தெரிந்ததும் ஒப்பீட்டுக் குழு கைவிடப்பட்டது. பயன் இன்னதென்று புலனான பிறகு ஒரு சாராரை அதில்லாமல் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அது 1978. தோட்டத்தில் அதன்பின் 1982-இலும் 1985-இலும் அளவெடுப்பு நடந்தது. அந்தக் காலம் முழுவதும் அவர்களிடம் வழக்கமான வாய்ச் சுத்த முறை எதுவும் இல்லை என்பதை லோவின் குழு 1986-இல் வெளியிட்ட கட்டுரையே பதிவு செய்கிறது. நாடு முழுக்கப் பல் மருத்துவர் பற்றாக்குறை, ஆய்வாளர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். கார்ல்ஸ்டாட்டின் அளவுக்குச் செய்திருக்க முடியாது என்பது சரி. ஒரு தூரிகையும் அதைப் பிடிக்கும் முறையும் காரையைச் சுரண்டி எடுக்கும் ஓர் அமர்வும் எட்டாத தூரத்தில் இல்லை. அன்றைய ஆய்வு நெறி வேறு என்பதும் ஓரளவுதான் செல்லும், ஏனென்றால் கார்ல்ஸ்டாட்டும் அதே பத்தாண்டுதான், அதே துறைதான். ஒரே காலத்தில் இரண்டு விதமான பொறுமை நிலவியது. ஸ்வீடன் குடிமகனின் ஈறு ஆறாண்டுக்குமேல் காத்திருக்கக் கூடாது என்று தோன்றியது. நாடற்றவரின் ஈறு பதினைந்தாண்டு காத்திருந்தது உறுத்தவில்லை. எவர் நெஞ்சிலும் தீமை இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சிகிச்சை இல்லாமை அந்த மக்களின் இயல்பு என்று எல்லோருக்கும் தோன்றும்படி தோட்ட முறை அதை ஆழமாகப் பதித்து வைத்திருந்தது என்கிறேன்.

இதற்காக அந்த அறிவைத் தள்ளிவிடச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர்களின் பற்கள் போனது போனதுதான். அதிலிருந்து கிடைத்ததையும் வீசிவிட்டால் இழப்பு இரட்டிப்பாகும். பிழையாக வாசிப்பதையும் தவிர்க்க வேண்டும். 11 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு, உடல்வாகு நல்லதாயிருந்தால் துலக்க வேண்டியதில்லை என்று தேற்றிக்கொள்பவர்கள், தாம் அந்தப் பதினொன்றில் ஒருவரா என்று இருபது வயதில் அறிய வழியில்லை என்பதை மறக்கிறார்கள். வலியில்லாமல் முற்றுவதே இந்த நோயின் குணம்.

2010-இல் ஒரு குழு மறுபடி அந்தத் தொழிலாளர்களைத் தேடிப்போனது. இலங்கையில் எஞ்சியிருந்த மலையகத் தமிழரின் குடியுரிமைச் சிக்கலுக்கு 2003 சட்டம் முடிவு கட்டிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. 480 பேரில் 75 பேர் கிடைத்தார்கள். நாற்பது ஆண்டில் அவர்கள் ஈறு நோயால் இழந்தது சராசரியாக 13 பற்கள். 12 பேருக்கு வாயில் ஒரு பல்லும் இல்லை. நான்கு பேர் மட்டும் ஈறு நோயால் ஒன்றையும் இழக்கவில்லை. 2017-இல் வெளியான அந்த ஆய்வு ஒரு எல்லைக்கோட்டைக் காட்டியது: முப்பது வயதில் சராசரிப் பிடிமான இழப்பு 1.81 மில்லிமீட்டருக்குள் இருந்தவர்களுக்கே அறுபதில் இருபது பற்களாவது மிஞ்சியிருக்கும் வாய்ப்பு அதிகம். காரையை எடுத்து, படலத்தைக் கட்டுப்படுத்தி, புகையை நிறுத்தி, முப்பதுக்கு முன்பே சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1970-இல் முதல்முறை வாயைத் திறந்து காட்டியபோது அந்த 480 பேரில் மூத்தவருக்கே வயது 31.